ஊமைக் கோயில்

எங்கள் சபைச் செயலாளரை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ஆள் நல்லவர்தான். அதற்காக வீட்டை இடித்தவரைக் கொஞ்சவா முடியும்?

கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருந்த ஜெபவீடு அது. வெள்ளைக்காரத் தம்பதி குடியிருக்கக் கட்டியது. சித்தேரி மலை வேங்கை மரத்தில் தூணும் உத்தரமும் கோத்து, இடையில் மண்ணை அடைத்த சுவர். அவர்கள் போன பிறகு எங்கள் சபை அங்கே கூடியது. எங்களுக்குப் பாட்டு இல்லை, போதகர் இல்லை. ஞாயிறு காலையில் வட்டமாகச் சும்மா உட்கார்ந்திருப்போம். உள்ளே சொல் எழுந்தவர் எழுந்து சொல்வார். எழாவிட்டால் கைகுலுக்கிவிட்டுக் கிளம்புவோம். ஊரார் 'ஊமைக் கோயில்' என்று கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

முடிவெடுப்பதும் அப்படித்தான். கேள்வி கேட்ட பிறகு யாரும் பேசாவிட்டால் முடிவு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அடுத்த ஞாயிறு மறுபடி கேட்போம். கழிப்பறை கட்டவே ஒரு மழைக்காலம் போனது.

செயலாளர் வேறு சபையிலிருந்து இங்கே பெண் எடுத்தவர். ஆபீஸ் வேலையெல்லாம் தெரியுமே என்று நாங்கள்தான் பொறுப்பைக் கொடுத்தோம். ஒரு ஞாயிறு எழுந்து, "தூணெல்லாம் செல்லரிச்சுப் போச்சுங்க. இடிச்சுட்டு கான்கிரீட்ல ஹால் கட்டிரலாமுங்களா?" என்றார். எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்தோம். அந்த வீட்டில் கல்யாணம் பண்ணிக்கொண்ட என் அம்மா பக்கத்தில் கண்மூடி இருந்தாள். எனக்கு நெஞ்சு கொதித்தது, சரியான சொல்தான் வரவில்லை. அவர் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப சந்தோசமுங்க."

அந்த வாரமே ஜேசிபி வந்துவிட்டது. நான் ஓடிப் போவதற்குள் முன்பக்கச் சுவர் காலி. விழுந்து கிடந்த தூண்களில் ஒன்றே ஒன்றைத்தான் செல் அரித்திருந்தது.

"யாரைக் கேட்டுய்யா இடிக்கிற?" என்று செயலாளரைப் பார்த்துக் கத்தினேன். அங்கே அப்படி யாரும் கத்தியதே கிடையாது.

மனிதர் என்னிடம் ஓடி வந்தார். "உங்களத்தானக்கா கேட்டேன்? எல்லாரும் கம்முனுதான இருந்தீங்க?"

அடப்பாவி! இத்தனை ஞாயிறு எங்களோடு உட்கார்ந்து இதுதானா உனக்கு விளங்கியது?

இப்போது ஹால் எழும்பிவிட்டது. ஃபேன் சுற்றுகிறது. செயலாளர் எதற்காவது வாயைத் திறந்தால் போதும், கேட்டு முடிப்பதற்குள் "வேண்டாம், வேண்டாம்" என்று நாலு பேர் கத்துகிறோம். அம்மாவின் குரல்தான் முதலில் வருகிறது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார எங்களுக்குப் பயமாக இருக்கிறது.