சத்தமில்லாமல் சேவு தின்பது

காராச்சேவைச் சத்தமில்லாமல் தின்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நாலைந்து துண்டை வாயில் போட்டு, உதட்டை இறுக்கி மூடி, எச்சிலில் ஊறவிட வேண்டும். கொஞ்சம் பொறுத்தால் கூழாகிவிடும். அப்புறம் நாக்கால் நசுக்கி விழுங்கிவிடலாம். ருசி பாதி போய்விடும், மானம் மிஞ்சும். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த முதல் இரண்டு வருஷமும் நான் சேவு தின்றது இப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. கணவருக்குப் பலசரக்குக் கடை. வீட்டில் அவர், நான், என் மாமியார், மூன்றே பேர். மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்குக் கண் கொஞ்சம் மங்கல், காது மட்டும் படு கூர்மை. அடுக்களையில் அப்பளம் நொறுங்கினால் வாசலிலிருந்து, "யாரு அங்கன?" என்பார்.

மாதத்தில் முக்கால்வாசி நாள் நான் ஒழுங்கான ஆள்தான். போட்டதைத் தின்பேன், போடாததைக் கேட்க மாட்டேன். மாதவிலக்கு வருவதற்கு நாலு நாள் இருக்கும்போது மட்டும் என்னை என்னமோ பிடித்துக்கொள்ளும். இனிப்பும் காரமும் சேர்ந்தே வேண்டும். கடலைமிட்டாய் ஒரு கடி, சேவு ஒரு வாய், திரும்பவும் கடலைமிட்டாய். ஒன்றை மட்டும் கொடுத்தால் ஆத்திரம் வரும். கிடைக்கவில்லை என்றால் அழுகையே வந்துவிடும். இருபத்திரண்டு வயசுக் கழுதை, சேவுக்காகக் கண்ணீர் விடுவதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அவ்வளவு வெட்கக்கேடு!

அடக்கிப் பார்க்காமல் இல்லை. வாயில் சீரகத்தைப் போட்டு மென்றேன். மோர் மோராகக் குடித்தேன். மத்தியானம் படுத்தால் மறந்துவிடும் என்று படுத்தேன். கனவில் மிட்டாய்க்கடை வந்தது. கடைசியில், கணவர் எப்போதோ கொண்டுவந்த மிட்டாயிலும் சேவிலும் மிச்சம் பிடித்து ஒரு பவுடர் டப்பாவில் போட்டு, மிளகாய் வற்றல் டிரம்முக்குள் புதைத்து வைக்க ஆரம்பித்தேன். வற்றலுக்குள் யாரும் சும்மா கைவிட மாட்டார்கள் என்பது என் கணக்கு.

அம்மா வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் ஊரின் பெயர் எப்போதும்வென்றான். அங்கே கடலைமிட்டாய்க்கும் சேவுக்கும் பதில் கருப்பட்டியும் பொரித்த மோர்மிளகாயும். "ஏட்டி, கிறுக்கச்சி மாதிரி திங்கியே" என்று மட்டும் அம்மா சொல்வாள். வேறெதுவும் கேட்க மாட்டாள். மறுநாள் பார்த்தால், பழைய நூல் சேலையைக் கிழித்து, துவைத்து, மடித்து என் துணிகளோடு வைத்திருப்பாள். நான் கருப்பட்டி தின்பதை வைத்தே அவள் நாள் கணக்குப் பார்த்துவிடுவாள். எனக்கு அது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

மாமியார் வீட்டில் வேறு நடைமுறை. விலக்கு வந்தால் 'தூரம்'. மூன்று நாள் பின்கட்டில் தனிப்பாய், தனித்தட்டு. அடுக்களைக்குள் போகக் கூடாது, சாமி விளக்கைத் தொடவே கூடாது. அதனால் என் உடம்புக் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பின்கட்டில் நான் உட்கார்ந்திருப்பது சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அக்காவுக்குக்கூடத் தெரியும். "இந்த மாசமும் உக்காந்துட்டாளா?" என்று அந்த அக்கா கேட்பதும், அத்தை பதில் சொல்லாமல் இருப்பதும் எனக்குக் கேட்கும். இரண்டு வருஷம் அப்படிப் போனது. அத்தை என்னைத் திட்டியதில்லை. பேசியதும் குறைவு. திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அந்த மாதம் நாள் தள்ளியது. கடிகாரம் மாதிரி வரும் உடம்பு எனக்கு. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். தூரமும் வரவில்லை, முன்னால் வருகிற பாழாய்ப்போன ஆசையும் வரவில்லை.  யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போதே சேவு வேண்டும் போலிருந்தது. மிட்டாயும் வேண்டும்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது மாதாமாதம் வருகிற ஆசையா, இல்லை மசக்கை என்கிறார்களே, அதுவா? இரண்டுக்கும் வேறு வேறு ருசி இருக்கும் என்று நினைத்திருந்தேன். டப்பாவை எடுத்து, தின்று தின்று யோசித்தேன். அதே சேவு, அதே நாக்கு. நாக்கிடம் கேட்டால் அது என்ன சொல்லும்?

மறுநாள் புதன்கிழமை. அத்தை ரசப்பொடிக்கு வற்றல் எடுக்க டிரம்முக்குள் கைவிட்டார். டப்பா வந்தது.

"ஏட்டி, இத இங்கன யாரு வச்சா? எலி வச்சுதுன்னு சொல்லிராத."

"நான்தான் அத்தை."

அத்தை டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். மனசுக்குள் நாள் எண்ணுகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. குரல் மாறிவிட்டது.

"எத்தன நாளா இப்பிடித் திங்கணும்னு வருது?"

"ரெண்டு நாளா."

பொய் இல்லை. ஆனால் மாதாமாதம் வரும் என்கிற மிச்சத்தை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெளிவில்லை. பயமா, ஆசையா, அந்தக் குரல் மாறிப்போன சுகமா?

அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. "நாப்பத்தஞ்சு நாள் ஆகட்டும், பெறகு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே சுவருக்கு அந்தப் பக்கம் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் மிளகாய் வாங்கப் போகிற வியாபாரி ஒருவர் கடைக்கு வருவார். அவர் மூலம் அம்மாவுக்கும் சேதி போனது. "ஒங்க மக உண்டாயிருக்கா போலுக்கு. சேவும் மிட்டாயுமாத் தின்னுதா. வாய்க்குப் பிடிச்சதச் செஞ்சு எடுத்துட்டு வாங்க." இந்த வார்த்தை மாறாமல் சொல்லவேண்டும் என்று அவரிடம் இரண்டு தடவை ஒப்பிக்க வைத்தார்.

அந்த இரண்டு நாளும் நான் மகாராணி. அடுத்த வீட்டு அக்கா மாங்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தூவிக் கொண்டுவந்தார். அத்தை காபி ஆற்றிக் கையில் கொடுத்தார். கணவர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய சூடான சேவுப் பொட்டலத்தோடு மத்தியானமே வந்து நின்றார். அன்றைக்கு அந்த வீட்டில் முதல் தடவையாகச் சேவு என் வாயில் சத்தம் போட்டது. நறுக் நறுக்கென்று கடித்தேன். "இன்னும் வேணுமா?" என்று கேட்டு அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொட்டலத்தைப் பார்த்துத் தின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குளியலறையில் தெரிந்துவிட்டது. வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ தெரியாது. அழுகை வரவில்லை. 'இப்ப யார்கிட்ட, எப்படிச் சொல்லித் தொலைய?' என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. இருந்த ஒரே ஒரு துணியை வைத்துக்கொண்டு, நேரே அத்தையிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று வெளியே வந்தேன். வாசலில் அம்மா நிற்கிறாள். இடுப்பில் பெரிய ஓலைப்பெட்டி. எட்டயபுரத்தில் பஸ் மாறி வந்தவள், முகமெல்லாம் புழுதி. அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மதினி, வாங்க" என்று சிரிக்கிறார். அத்தையின் மேல் பல்வரிசையை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

அம்மா பெட்டியை இறக்கி வைத்தாள். மேலாகக் கைவிட்டு, ஒரு துண்டு கருப்பட்டியும் ஒரு மோர்மிளகாயும் எடுத்து, "இந்தா, மொதல்ல இத வாயில போடு" என்று அவளே ஊட்டினாள். உடம்பின் கொடுமை பாருங்கள். தூரம் வந்த நிமிஷமே அந்த ஆசை போய்விடும். நேற்று வரை உயிராக இருந்தது, இன்றைக்கு மண். கருப்பட்டியைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, தின்கிற மாதிரி தாடையை ஆட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வந்திருக்கீய" என்றார் அத்தை. "பெட்டிய அப்பிடியே சாமி முன்னால வப்போம். ஏட்டி, நீ போய் வெளக்கேத்து. இனிமே நீதான் ஏத்தணும்." தீப்பெட்டியை என் கையில் வைத்துவிட்டார்.

சொன்னால் அம்மா முகத்துக்கு நேரே எல்லாம் உடைந்துபோகும். சொல்லாமல் விளக்கைத் தொட்டால் அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. எனக்கே அதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இருந்தது.  தீப்பெட்டிக்குள் குச்சிகள் கடகடவென்று ஆடின.

அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டாள். "மதினி, ஒங்க வீட்டு வெளக்க நான் ஒரு நாளும் ஏத்துனதில்ல. இன்னைக்கு நான் ஏத்திக்கிடுதேன். அவ நிக்கவே தள்ளாடுதா, போய்ப் படுக்கட்டும்." அத்தைக்கு அதிலும் சந்தோஷம்தான். அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்கட்டில் போய் விழுந்தேன். மத்தியானம் கருப்பட்டிப் பணியாரம், புளிச்சோறு, அதிரசம் எல்லாம் தட்டில் வந்தது. அம்மாவும் அத்தையும் எதிரே உட்கார்ந்து பார்க்க, ஒவ்வொன்றாக விழுங்கினேன். மூன்று மணி பஸ்ஸுக்கு அம்மா கிளம்பினாள். என் தலையைத் தடவி, "வாரேன்ட்டி. பெட்டியில மிச்சம் இருக்கத நீயே எடுத்து வையி" என்றாள். 

அவள் போனதும், பின்கட்டில் அவளே கொண்டுவந்து வைத்திருந்த பெட்டியைப் பிரித்தேன். பணியாரத் தூக்கு, அதிரசப் பொட்டலம், அதற்குக் கீழே வாழையிலைச் சருகு. சருகை எடுத்தால், அடியில் பழைய நூல் சேலைத் துணி. துவைத்து, கிழித்து, மடித்து, ஏழெட்டு. அம்மாவின் நீலச் சேலை அது. எனக்கு அடையாளம் தெரிந்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. வாயில் துணியை வைத்துப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு முகம் கழுவி, பின்கட்டு வாசலிலேயே நின்று, "அத்தை, நான் தூரமாயிட்டேன்" என்றேன்.

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நின்றது. "ரெண்டு நாளாத்தான் திங்கேன்னியே?"

"மாசாமாசம் நாலு நாள் திங்கேன் அத்தை."

"அத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னட்டி?" என்றவர், மறுபடியும் சுளகை எடுத்துப் புடைத்தார். சாயங்காலம் அடுத்த வீட்டு அக்கா கிண்ணத்தில் புளிக்குழம்போடு வந்தபோது, அத்தை அதை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "அவளுக்கு ஒரே வாந்தி, படுத்திருக்கா" என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் 'கலைந்துவிட்டது' என்று அவரே சொல்லிக்கொண்டார். அதற்கடுத்த மாதத்திலிருந்து, டிரம்முக்குள் நான் வைக்காமலே டப்பாவில் சேவு இருந்தது. 

ஒன்றரை வருஷம் கழித்து மகள் உண்டானாள். சேவுமில்லை, மிட்டாயுமில்லை. காபி வாசனையைக் கண்டால் ஓட்டம், அவ்வளவுதான். நான் உண்டாகியிருக்கிறேன் என்பதை எல்லோரையும்விடக் கடைசியாக நம்பியவள் நான்.

மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கருப்பட்டியும் மோர்மிளகாயும் தின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் கேட்டேன். இத்தனை வருஷமாக என் அம்மாவுக்கு எல்லாம் தெரியும், சேதி கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நான் பெருமையாக நினைத்து வைத்திருந்தேன்.

"ஏம்மா, நீ அன்னைக்குத் தீப்பெட்டிய வாங்கி வெளக்கேத்துனியே, எனக்குத் தூரம்னு எப்பிடித் தெரியும்?"

"நீ கருப்பட்டியக் கன்னத்துல ஒதுக்குனியே, அதுலதான்."

"அதுக்கு முன்னாலயே பெட்டியில துணி வச்சிருந்தியே?"

அம்மா கல்லை எடுத்துத் தூரப் போட்டாள். "அதுவா? பச்சப்பிள்ளைக்கும் பழைய துணிதான வேணும். தூரம்னா ஒனக்கு ஆகும், இல்லன்னா பிள்ளைக்கு ஆகும்னு வச்சேன். பஸ்ஸுல ரெண்டு தடவ வெளிய எடுத்துட்டேன். ரெண்டு தடவ திரும்ப உள்ள வச்சேன். எதுன்னு எனக்கு மட்டும் என்னட்டி தெரியும்?"