சிகரெட் இல்லாத சிநேகிதம்

அன்று காலை சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வலது கை விரல்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. மனைவியைக் கூப்பிட்டேன். நாக்கு தடித்து வார்த்தைகள் குழறி வந்ததால் நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. "ஏங்க, வாய் ஒரு பக்கமா போகுதுங்க" என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்காமல், இரும்புலியூர் முனையிலிருந்து ஆட்டோவைக் கூட்டிவந்து என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எனக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

மூளையின் உட்பக்கத்தில் நூல் போன்ற ஒரு ரத்தக்குழாய் அடைபட்டிருப்பதாக, ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார். படத்தில் அது மிளகளவுப் புள்ளி. "சின்ன ஸ்ட்ரோக்தான். கை நல்லா வந்துடும்" என்றார். நான் சிரித்ததைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சின்னதுன்னதும் சிரிக்கிறீங்க சார். இந்த மாதிரிக் குழாய் தலைக்குள்ள நிறைய இருக்கு. பி.பி. ரொம்ப நாளா ஏறியே இருந்திருக்கு, உங்களுக்குத் தெரியல. அதோட சிகரெட் வேற. அடுத்தது வராம பார்த்துக்கணும், இனிமே அதுதான் வைத்தியம். மாத்திரை நான் எழுதித் தர்றேன், நிறுத்தாம சாப்பிடுங்க. உப்பைக் குறைக்க வீட்ல பார்த்துப்பாங்க. சிகரெட்டை நீங்கதான் விடணும்."

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதோடு சேர்த்து ஒரு சிநேகிதனையும் விட வேண்டியிருக்குமோ என்று அப்போது தோன்றவில்லை.

அவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கிண்டியில் ஆபீஸ் முடிந்து ரயிலை விட்டு இறங்கினால் என் கால்கள் தாமாகவே அந்தக் கடைக்குப் போகும். கடை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு டீ, ஆளுக்கொரு சிகரெட். பேச ஒன்றுமில்லாத நாட்களிலும் சிகரெட் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரியாப்பூடும் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனவன் அப்புறம் வரவில்லை. ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக யார் யாரோ வீட்டுக்கு வந்தார்கள். இவன் மட்டும் வரவில்லை.

சில வாரங்களில் கை திரும்பிவிட்டது. மீண்டும் ஆபீஸ் போக ஆரம்பித்தேன். சிகரெட்டை விட்டது பெரும்பாடாக இருந்தது. ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டு, காரணமில்லாமல் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம் கடைப் பக்கமாக நடந்தபோது, என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து உள்ளே போனான். மறுநாளும் அப்படியே. அது எனக்கு வலித்தது. வியாதிக்காரன் என்று ஒதுக்குகிறான் போல என்று வீட்டில் வந்து சொன்னேன்.

"நீங்களே போய்க் கேளுங்க" என்றாள் மனைவி. "ஆனா அங்க உட்கார்ந்து ஊதிட்டு வராதீங்க."

போனேன். மோட்டார்களுக்கு நடுவே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ தேடுவது போல நின்றிருந்தான்.

"என்னைப் பார்த்து எதுக்குடா ஒளியற?"

அவன் திரும்பாமலே பேசினான். "உன்னப் பாத்தா கை தானா பாக்கெட்டுக்குப் போவுது மச்சான்" என்றான். "நான் பத்த வெச்சா நீ சும்மா குந்திகினு இருப்பியா? எனக்கும் பத்த வெக்காம இருக்க முடியல. நீ திரும்பியும் படுத்துட்டா, தங்கச்சி மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

அவன் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

அவனே யோசித்து ஒரு வழி சொன்னான். "காலீல வா. தொழுதுட்டு வர்ற வாயில, நாஷ்டா துன்ற வரைக்கும் சிகரெட் வெக்கமாட்டேன். அந்த நேரம்தான் நம்ம கைல கீது."

டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருந்தார். அவனும் இரும்புலியூர்தான். பள்ளிவாசலிலிருந்து தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவான். ஏரிப் பக்கமாக நடப்போம். முதல் நாட்களில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. போகப் போகப் பேச்சு வந்தது. இத்தனை வருடம் வாசலில் உட்கார்ந்து பேசாததையெல்லாம் நடந்துகொண்டே பேசினோம். அவன் மூத்த மகள் சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்ததைப் பற்றியும் அவள் கல்யாணத்தைப் பற்றியும் அவனுக்கு எவ்வளவு பயம் இருந்தது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் நடந்து முடித்து, என் பி.பி.யைப் பார்க்கத் தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். எனக்குச் சரியாக இருந்தது. "பாய், நீங்களும் கையை நீட்டுங்க" என்றார் நர்ஸ். விளையாட்டாக நீட்டினான். நர்ஸ் பட்டையை மறுபடியும் கட்டிப் பார்த்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். ஸ்ட்ரோக் வந்த அன்று எனக்கு இருந்த அளவுக்கு அவனுக்கும் இருந்தது.

"இன்னா மச்சான், உன்கூட நடந்ததுக்கு எனக்கும் வியாதி காட்றாங்க" என்றான் வெளியே வந்து. சிரிக்க முயன்றான். முடியவில்லை. நான் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் போய், மாத்திரைச் சீட்டை அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவன் சிகரெட்டை உடனே விடவில்லை. விட்டான், பிடித்தான், மறுபடி விட்டான். நோன்பு மாதத்தில் பகல் முழுக்க இல்லாமல் இருந்து பழகியது, பெருநாளுக்குப் பிறகு அப்படியே நீண்டது. மாத்திரை விஷயத்தில் மட்டும் எங்கள் இருவருக்கும் சண்டை வந்தது. பி.பி. இறங்கிவிட்டதே, எதற்கு என்று அவன் நிறுத்தியிருந்தான். "மாத்திரையாலதாண்டா இறங்கியிருக்கு" என்று நடுரோட்டில் கத்தினேன். இரண்டு நாள் நடக்க வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "போட்டுகினுதான் வந்தேன்" என்றான்.

எனக்கு இரண்டாவது தடவை வரவில்லை. மாத்திரையா, நடையா, சிகரெட்டை விட்டதா, எது காப்பாற்றியது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதைக் கண்டுபிடிச்சு மத்ததை நிறுத்தலாம்னு பார்க்கறீங்களா?" என்றார்.

அந்த வருட பக்ரீதுக்குக் குடும்பத்தோடு அவன் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி எங்கள் இருவருக்கும் மட்டும் சின்னப் பாத்திரத்தில், உப்பும் நெய்யும் குறைத்து, தனியாக பிரியாணி செய்திருந்தார். மற்றவர்கள் பெரிய டேக்சாப் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒரு வாய் வைத்தான், அந்தப் பக்கம் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"துன்னு மச்சான்" என்றான். இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.