நெட்டிமுறிச்சானைத் தேடி நெடுந்தீவுக்கு

நெடுந்தீவுக்குக் குதிரை பார்க்கப் போகிறவர்கள் உண்டு, நெய் வாங்கப் போகிறவர்கள் உண்டு, சம்பந்தம் பேசப் போகிறவர்களும் உண்டு. நான் ஒரு வண்டைப் பார்க்கப் போனேன். சரியாகச் சொன்னால், நான் செய்த பிழை ஒன்று எனக்கு முந்திப் புறப்பட்டுவிட்டது, அதைத் துரத்திக்கொண்டு போனேன். முப்பதுகளின் நடுவில், தைப்பொங்கல் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை அது. நேரம், மைல், கூலி எல்லாம் அன்று சட்டைப்பைக் கொப்பியில் குறித்தபடியே தருகிறேன். போக நினைக்கிறவர்களுக்கு உதவும்.

அப்போது நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில், பயிர்ச்செய்கைக் கந்தோரில் கிளாக்கர். ஊர்களிலிருந்து தமிழில் வரும் கடிதங்களை ஆங்கிலத்தில் ஆக்கித் துரையிடம் கொடுப்பதும், துரை சொல்வதைத் தமிழாக்கி ஊருக்கு அனுப்புவதும் என் வேலை. மார்கழிக் கடைசியில் நெடுந்தீவு ஊர்த்தலைவரான விதானையாரிடமிருந்து ஒரு கடிதமும், பஞ்சு வைத்த சிகரெட் தகரப்பேணியும் வந்தன. பேணிக்குள் செத்த வண்டு ஒன்று, பச்சைப் பசேலென்று, மெருகு போட்ட பித்தளை மாதிரி மினுங்கியது. கடிதத்தில் இவ்வளவுதான்: "திரேசம்மாவின் வளவில் நிற்கும் பதினொரு தென்னம்பிள்ளைகளில் நெட்டிமுறிச்சான் என்னும் பச்சை வண்டு காணப்படுகிறது. நல்லதோ கெட்டதோ என்று அறியத் தரவும்."

பேனையைக் கையில் எடுத்தால் எனக்கு வீட்டுத் தமிழ் மறந்துபோகும். அது ஒரு வியாதி. நெட்டி என்றால் தண்டுக்குள் இருக்கும் வெண்சோறு என்று அகராதி சொல்லும். முறிச்சான் என்றால் முறிப்பவன். அப்படியே, 'தென்னையின் உட்குருத்தை முறித்து அழிக்கும் வண்டு' என்று நல்ல இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில் எழுதி நீட்டினேன். துரை பேணியைத் திறக்கவே இல்லை. புதுக் கொள்ளைநோய் தீவிலிருந்து கிளம்பிவிட்டதென்று பதறி, பதினொன்றையும் ஏழு நாளுக்குள் தறித்து எரிக்கும்படி கட்டளை போட்டுவிட்டு மன்னாருக்குச் சுற்றுப் பயணம் போய்விட்டார். அந்தக் கட்டளையைத் தமிழாக்கித் தபாலில் போட்டவனும் இந்தப் பாவிதான்.

பொங்கல் லீவு முடிந்து கந்தோர் திறந்த வியாழக்கிழமை காலை, பக்கத்துக் கதிரைக்காரர் விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிச் சொடக்கெடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த பெரிய கிளாக்கருக்குப் பொறுக்கவில்லை. "காலங்காத்தாலை உந்த நெட்டி முறிக்கிறதை ஒருக்கா நிப்பாட்டும் காணும்!" என்றார்.

நெட்டி முறிக்கிறது! பிறந்த நாள் தொட்டுக் கேட்ட சொல். பேணியைத் திறந்து வண்டைப் புரட்டினேன். துரையின் அலுமாரியில் நிறப்படம் போட்ட பூச்சிப் புத்தகம் ஒன்று உண்டு, அதையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். பெண்பிள்ளைகள் நெருப்புப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கும் பொன்வண்டு குண்டாக இருக்கும், கண் பெரிது. இது ஒடுங்கி நீண்டது. கழுத்துத் தகட்டின் பின்மூலை இரண்டும் முள்ளாய் நீண்டிருந்தன. நெஞ்சின் கீழே ஒரு முளை, அது போய்ப் பொருந்த ஒரு குழி. மல்லாக்கப் போட்டால் அந்த முளை குழிக்குள் தெறித்து விழ, வண்டு 'டிக்' என்று எகிறிக் குதிக்குமாம். இதன் புழு உக்கி மக்கின மரத்துக்குள் கிடந்து மற்ற வண்டுகளின் புழுக்களைத் தின்னுமாம். பயிருக்குச் சத்துரு என்று நான் எழுதியது பயிருக்குக் காவல்காரன்!

கட்டளை தீவுக்குப் போய்ச் சேர்ந்து ஐந்து நாளாவது இருக்கும். துரை இல்லை, அவர் இல்லாமல் கட்டளையை மாற்ற ஒருவரும் இல்லை. தலையிடி என்று லீவுக் கடதாசி எழுதிக் கொடுத்தேன். தலையிடி உண்மைதான்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத் துறையில் லோஞ்சு ஏறினேன். ஊர்காவற்றுறைக்குப் பத்து மைல், கூலி முப்பது சதம், ஒன்றே முக்கால் மணி நேரம். மண்டைதீவைத் தாண்டியதும் காற்றுக் குளிரும், ஒரு சால்வை கொண்டு போங்கள். இடையில் ஒரு நாள் கையில் இருந்தால் மண்கும்பான் கடற்கரையில் இறங்கி நடக்கலாம், வெள்ளை மணல், சனம் குறைவு. எனக்கு அன்று மணலா கண்ணில் பட்டது? கோடரிதான் பட்டது.

ஊர்காவற்றுறையில் நெடுந்தீவுக்குப் போகும் பாய்வள்ளம் ஒன்று அரிசி மூட்டையுடன் நின்றது. அந்தோனிப்பிள்ளை என்பவர் ஓட்டி.

"அண்ணை, மத்தியானத்துக்கு முன்னம் போய்ச் சேர ஏலுமோ?"

"வாடைக்காத்துப் பின்னாலை நிண்டு தள்ளுது, தம்பி. போறது சுகம். வாறதுதான் சீவன் போகும்" என்றார். கூலி எழுபத்தைந்து சதம். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

பதினைந்து மைல் கடல். ஒன்பதேகாலுக்குப் பாய் விரித்தோம். கடற்கோட்டையைச் சுற்றி வெளியே வந்தால் அலை கொஞ்சம் எற்றும், வெறுவயிற்றோடு ஏறாதீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் நயினாதீவு இடப்பக்கம் வந்தது. கழுத்தில் செபமாலை போட்டிருந்த அந்தோனிப்பிள்ளை அண்ணை அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். நான் பார்ப்பதைக் கண்டு, "கடலிலை நிண்டுகொண்டு ஆர் எவரெண்டு பாக்க ஏலாது. எல்லாரும் வேணும்" என்றார். நானும் கும்பிட்டேன், பதினொரு தென்னம்பிள்ளைக்காக.

பதினொன்றே முக்காலுக்கு நெடுந்தீவுத் துறை. அங்கிருந்து விதானையார் வீட்டுக்கு இரண்டு மைல், கால்நடைதான். பாதையின் இரு புறமும் சுண்ணாம்புக் கல் அடுக்கிய வேலி, அதற்கப்பால் புல்வெளியில் கட்டைக் குதிரைகள். வேறொரு நாளென்றால் நின்று பார்த்திருப்பேன்.

விதானையார் குசினிப் பக்கம் கால் கழுவிக்கொண்டு நின்றார். ஐம்பது வயது, நெற்றி நிறையத் திருநீறு. வந்த காரியத்தைச் சொன்னேன்.

"நாலு நாள் கடிதத்தைப் பெட்டிக்குள்ளை வைச்சுக்கொண்டு இருந்தனான். மனம் வரேல்லை. நேற்றுத்தான் சொன்னனான். நேற்று நாலு தறிச்சாச்சு. மிச்சம் இண்டைக்குப் பின்னேரம்" என்றார்.

திரேசம்மாவின் வளவுக்கு நடந்தோம். நாற்பது வயது மதிக்கலாம், கறுத்து மெலிந்தவர். புருசன் மீன்பிடித் தொழிலுக்குப் போய் அன்று கடலில் இருந்தார். கையில் கோடரி இருந்தது. நாலு மரங்கள் விழுந்து கிடந்தன, எட்டு வருடப் பிள்ளைகள், இரண்டில் முதற்பாளை வெடித்திருந்தது. அந்த அயலில் எந்தக் கிணற்றிலும் தென்னைக்கு விடக்கூடிய தண்ணீர் வராது. அரை மைல் தள்ளியுள்ள நல்ல கிணற்றிலிருந்து காலையும் மாலையும் குடத்தில் சுமந்து ஊற்றி வளர்த்தவை என்று விதானையார் வழியில் சொல்லியிருந்தார்.

"ஆள் பிடிச்சுத் தறிப்பிக்கலாமே?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"வேண்டாம் ஐயா. தண்ணி வாத்த கை தறிக்கட்டும்" என்றார்.

நிற்கும் மரம் ஒன்றின் மட்டையிடுக்கில் ஒரு வண்டு இருந்தது. பிடித்து, ஒரு பித்தளைத் தட்டில் மல்லாக்க வைத்தேன். கொஞ்ச நேரம் செத்ததுபோல் கிடந்தது. பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், ஒரு சாண் உயரம் எகிறி நேராய் விழுந்து ஓடியது.

"இதைத்தானே காணும் எழுதினனான்!" விதானையார் கத்தினார். "நெட்டி முறிக்கிறமாதிரிச் சத்தம் போடுறபடியாத்தான் நெட்டிமுறிச்சான். உமக்கு எந்த ஊர்?"

"வண்ணார்பண்ணை."

"அங்கை ஒருத்தரும் நெட்டி முறிக்கிறேல்லையோ?"

எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. வளவின் மூலையில் உக்கிக் கிடந்த பனங்குற்றி ஒன்றைப் பிளந்து பார்த்தோம். கம்பிபோல் விறைத்த மஞ்சள் புழு ஒன்று, தென்னையைத் துளைக்கும் கருவண்டின் கொழுத்த வெள்ளைப் புழுவைப் பாதி தின்றபடி கிடந்தது. புத்தகம் சொன்னது சரி.

ஆனால் விதானையார் தலையை ஆட்டினார். "எனக்கு விளங்குது. ஆனால் எழுத்தாலை வந்ததை வாயாலை நிப்பாட்ட ஏலாது. எழுதித் தாரும்."

துரையின் கட்டளையை நிறுத்த ஒரு கிளாக்கருக்கு அதிகாரம் இல்லை. எழுதினால் வேலை போகலாம். வீட்டில் மனைவிக்கு ஆறு மாதம். கோடரி இன்னும் திரேசம்மாவின் கையில்தான் இருந்தது. கொப்பித் தாளைக் கிழித்து, மிஞ்சிய ஏழு தென்னம்பிள்ளைகளையும் தறிக்க வேண்டாம், முந்திய கட்டளை பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். (வேலை போகவில்லை. அந்த வருடச் சம்பள உயர்வு போயிற்று. துரை ஒரு கிழமை என்னோடு பேசவில்லை, அது நட்டமென்று சொல்ல மாட்டேன்.)

திரேசம்மா கோடரியைக் கீழே வைத்தார். உள்ளே போய், தறித்த மரங்களின் குருத்தை ஒரு சுளகில் கொண்டுவந்தார். பால்போல் வெள்ளை, ஒரு துளை, ஒரு கறை இல்லை. "நேற்று அயலெல்லாம் குடுத்துப் பாத்தனான். வருத்தக்கார மரம், நோய் ஒட்டுமெண்டு ஒருத்தரும் தொடேல்லை" என்றார். நான் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். விதானையாரும் எடுத்தார். நல்ல இனிப்பு. பிழை விட்டவன் நான்தான் என்று அப்போது சொன்னேன். திரேசம்மா சுளகை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

இரவு விதானையார் வீட்டில் தங்கினேன். தீவில் தங்கு விடுதி எதுவும் கிடையாது, யாரையாவது முன்கூட்டி அறிந்து வைத்துக்கொண்டு போங்கள். குடிதண்ணீர் உவர்க்கும், இரண்டு போத்தல் கொண்டு போவது நல்லது. தை மாசியில் போனால் போக இரண்டரை மணி நேரம், வர எதிர்க்காற்றில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். ஆகவே திரும்பும் நாளில் விடிந்த கையோடு துறையில் நில்லுங்கள். வண்டு பார்க்க விரும்புகிறவர்கள் பிடித்துப் பேணிக்குள் அடைக்காதீர்கள், மல்லாக்க வைத்து ஒரு தரம் பார்த்துவிட்டு விடுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்த ஊராரிடம் கேளுங்கள். கேட்ட பிறகு, அந்தப் பெயருக்கு என்ன கருத்தென்றும் கேளுங்கள்.

சனி காலை ஆறரை மணிக்கு வள்ளத்தில் கால் வைத்தபோது, திரேசம்மா துறைக்கு வேகமாய் நடந்து வந்தார். கையில் நான் எழுதிய தாள்.

"ஐயா, விதானையாரைக் கொண்டு வாசிப்பிச்சனான். ஏழு பிள்ளையைத் தறிக்க வேண்டாமெண்டு கிடக்கு. மற்ற நாலையும் பற்றி ஒண்டும் இல்லை."

"அதுகள் தறிச்சாச்சே, அக்கா."

"ஓம், தறிச்சாச்சு. எண்டாலும் சனம் என்ன சொல்லும்? நாலு வருத்தக்காரப் பிள்ளையள் செத்துது, ஏழு தப்பிச்சுது எண்டெல்லே சொல்லும். அதுகளுக்கும் ஒரு வருத்தமும் இல்லையெண்டு எழுதித் தாங்கோ."

தாளை வள்ளத்தின் விளிம்பில் வைத்து, ஏழு என்பதை வெட்டினேன். பதினொரு தென்னம்பிள்ளைகளுக்கும் எந்த நோயும் இருக்கவில்லை, நாலும் என் பிழையாலேயே தறிக்கப்பட்டன என்று எழுதி, மறுபடி கையெழுத்து வைத்தேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இன்னொருக்கா" என்றார்.

அந்தோனிப்பிள்ளை அண்ணை பாய்க்கயிற்றைப் பிடித்தபடி நின்றார். இன்னொருக்கா வாசித்தேன்.