சந்தியோகு அண்ணை சுமந்த பழி

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தபோது சந்தியோகு அண்ணையின் மனைவி றீற்றா அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அழுது முடித்த குரல். "இவர் விடியப்புறம் எங்களை விட்டிட்டுப் போட்டார், பிள்ளை. ஒஃபிஸ் திறப்பு உன்னட்டைத்தானே இருக்கு? அந்தக் கறுப்புக் கோட்டு அங்கைதான் தொங்குது. அதைத்தான் போடவேணும்" என்றார். அடுத்த தரிப்பில் இறங்கி, எதிர்ப்பக்கத்து பஸ்ஸைப் பிடித்தேன். வோபர்னில் பலசரக்குக் கடைக்கு மேலே இருக்கும் அவருடைய அலுவலக அறைக்குப் போகும்வரை எனக்கு அழுகை வரவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டால் இஞ்சி இனிப்புச் சுற்றிய தாள்கள் ஒரு கைப்பிடி வந்தன. மருத்துவர் இனிப்பை நிறுத்தச் சொல்லி இரண்டு வருடம். அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் அழுதேன்.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று நிறையப் பேர் வந்தார்கள். ஆனால் பாதிப் பேர் பின்வரிசையிலேயே நின்றார்கள். "நல்ல மனிசன்தான். ஆனால் அந்தப் பொடியன்ரை விசயத்திலை பிழைவிட்டிட்டார்" என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் நின்றவர் தலையாட்டினார். அந்தப் பொடியன் என் மகன். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் எல்லோரும் இதைக் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சந்தியோகு அண்ணை மன்னாரிலிருந்து கனடாவுக்கு வந்து, பார்க்டேலில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்த காலத்திலேயே மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பத் தொடங்கியவர். பிறகு முறையாகப் படித்து, குடிவரவு ஆலோசகருக்கான அனுமதிப்பத்திரம் எடுத்தார். நான் அவரிடம் பத்தொன்பது வருடம் தட்டச்சு வேலை செய்தேன். வேலை செய்தேன் என்று சொல்வதைவிட, சண்டை பிடித்தேன் என்று சொல்லலாம். என் அவசரம் அவருக்கு ஆகாது, அவருடைய நிதானம் எனக்கு ஆகாது.

ஒருமுறை ஒருவர் தன் முதல் கலியாணத்தை மறைத்து, இரண்டாவது மனைவியை இங்கே கூப்பிட விண்ணப்பிக்க வந்தார். அண்ணை கணினியை அணைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணீர் போடப் போனார். வந்தவர் கெஞ்சினார், கோபப்பட்டார், கடைசியில் உண்மையைச் சொன்னார். அதன் பிறகுதான் கணினி திரும்ப உயிர் பெற்றது. "படிவத்துக்குக் கண் இல்லை எண்டு நினைக்கினம். அதை வாசிக்கிறவனுக்கு ரெண்டு கண் இருக்கு" என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு பிள்ளைக்குப் பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தார் என்று நீங்கள் எப்படி நம்பினீர்கள்? நம்பியதற்குக் காரணம், அவரே அதைச் சொன்னார்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மல்வேர்னில் ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் தகராறு. என் தம்பி கார்ச் சில்லுக் கழற்றும் இரும்பால் ஒருவருடைய மணிக்கட்டை உடைத்துவிட்டான். தம்பிக்கு அப்போது இருபத்தாறு வயது. அவனுடைய அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது, குற்றம் பதிவானால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கத்தில் நின்றவன் என் மகன் நிரோஷன், வயது பதினேழு. இருவரும் ஓடி வந்துவிட்டார்கள். அடுத்த நாள் பொலிஸ் வீட்டுக்கு வந்தபோது நிரோஷன் "நான்தான் அடிச்சனான்" என்றான். இளையோர் நீதிமன்றம் இரண்டு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கச் சொன்னது. தம்பியின் வழக்கோ அடுத்த வருடமே வேறு காரணத்தால் தள்ளுபடியாகி, அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாருக்காகச் செய்ததோ, அவனுக்குக்கூடப் பலனில்லை.

இருபத்தொரு வயதில் நிரோஷன் கனடிய இராணுவத்தில் வாகனத் திருத்துநராகச் சேரப்போவதாகச் சொன்னான். எங்கள் வீட்டில் இராணுவ உடுப்புக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. நான் இரண்டு நாள் அவனுடன் கதைக்கவில்லை. அவன் அசையவில்லை, விண்ணப்பித்தான். பதில் வந்தது. பழைய குற்றப்பதிவு இன்னும் திறந்தே இருக்கிறது, அது மூடும்வரை காத்திருக்க வேண்டும் அல்லது விதிவிலக்குக் கேட்க வேண்டும். அதற்கு நடந்ததை அவனே விளக்கி எழுத வேண்டும், அவனை அறிந்த ஒருவரின் கடிதமும் வேண்டும். பதினெட்டு வயதோடு பதிவு தானாக அழிந்துவிடும் என்று நம் ஆட்கள் சொல்லித் திரிகிறார்களே, அது பொய். தண்டனைக் காலம் முடிந்த பிறகுதான் கணக்கே தொடங்குகிறது, அதற்குப் பிறகும் சில வருடங்கள் போக வேண்டும்.

அவன் அண்ணையின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று தடவை எழுதினான், மூன்று தடவையும் கிழித்தான். "செய்யாததுக்கு சொறி, மன்னியுங்கோ எண்டு எழுதேலாது, அங்கிள். செய்யேல்லை எண்டு எழுதினாலும் ஆர் நம்புவினம்?" என்றான். பிறகு, நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டான்.

"நீங்கள்தானே அங்கிள் அம்மாட்டைச் சொன்னனீங்கள், பதினெட்டோட எல்லாம் அழிஞ்சுபோம், பொடியனையே ஏற்கச் சொல்லு எண்டு?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் பிரின்டரில் தாள் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி அவனைப் பார்த்து, "ஓம், நான்தான்" என்றார்.

நிரோஷன் எழுந்தான். "உங்களை நம்பித்தான் நான் அதைச் செய்தனான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவரோடு அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அண்ணை அவனுக்கான கடிதத்தை மூன்று நாள் கையால் எழுதினார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக என்னைத் தட்டச்சுச் செய்ய விடவில்லை. தானே ஒற்றை விரலால் தட்டி, உறையை ஒட்டி, தபால் கந்தோருக்கும் தானே போனார். நிரோஷனிடம், நடந்ததை நடந்தபடியே எழுதச் சொல்லி என் மூலம் சொல்லியனுப்பினார்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் சுவாமியிடம் அனுமதி கேட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். "பிள்ளையளின்ரை பதிவு பதினெட்டோட அழியாது. பெரியாக்களின்ரை குற்றத்தைப் பிள்ளையளின்ரை தலையிலை போடாதேங்கோ. ஒரு குடும்பத்துக்கு நான் பிழையான யோசனை சொல்லிப்போட்டன்" என்றார். அந்த வாரமே அனுமதிப்பத்திரத்தையும் தானாகவே திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அலுவலகப் படிகளில் ஆட்கள் ஏறுவது குறைந்தது. ஓய்வூதியப் படிவம் வாசித்துச் சொல்ல, வைத்தியசாலைக் கடிதத்துக்கு விளக்கம் கேட்க என்று சில வயதானவர்கள் மட்டும் வந்தார்கள். எனக்கு ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் மட்டும் போய்த் தூசி தட்டுவேன். என்னைக் கண்டால், "வந்திட்டா சண்டைக்காரி" என்பார். நான் சண்டை பிடிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

விதிவிலக்குக் கிடைத்தது. நிரோஷன் பயிற்சிக்குப் போனான், இப்போது மேற்கே ஒரு முகாமில் இருக்கிறான். அவன் விடுமுறையில் வரும்போதெல்லாம் அண்ணை கேட்பார், "பொடியன் வந்தவனாமே?" நான் ஏதாவது சாட்டுச் சொல்வேன். கடைசியாக அவர் வைத்தியசாலையில் இருந்தபோது, ஒருக்கால் வந்து பார்த்துவிட்டுப் போ என்று மகனைக் கேட்டேன். அவன் வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் றீற்றா அக்காவும் நானும் அறையை ஒதுக்கினோம். நிரோஷனின் கோப்பில் அந்தக் கடிதத்தின், அவர் கையால் எழுதிய தமிழ்ப் பிரதி இருந்தது. அதில் இப்படி எழுதியிருந்தார்: "பிள்ளையின் தாய் என்னிடம் யோசனை கேட்டார். பிள்ளையைக் குற்றத்தை ஏற்கச் சொன்னது நானே. தாய்க்குச் சட்டம் தெரியாது. பிள்ளை, பெரியவர்கள் சொன்னதைக் கேட்டான். பிழை என்னுடையது." படிவத்தில் ஒரு திகதி பிசகினாலும் பொறுக்காத மனிதர், தன் பெயரைப் போட்டு ஒப்பமிட்ட ஒரே ஒரு பொய் இது.

நடந்தது இதுதான். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நான் அவரிடம் ஓடிப்போனேன். "அண்ணை, நிரோஷன் ஏற்றுக்கொண்டால் என்ன? பதினெட்டோட அழிஞ்சுபோம்தானே?" என்று கேட்டது நான். யோசனை என்னுடையது. அவர், "அப்பிடித்தான் சனம் சொல்லுது. எனக்கு உறுதியாத் தெரியாது. திங்கக்கிழமை லோயரிட்டைக் கேட்டுச் சொல்லுறன், அதுவரைக்கும் ஒண்டும் செய்யாதை" என்றார். நான் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய் மகனிடம், "சந்தியோகு அங்கிள் சொன்னவர், பயப்பிடாமல் ஏற்றுக்கொள்ளட்டாம்" என்றேன். என் சொல்லை மட்டும் அவன் கேட்டிருக்க மாட்டான். அதனால்தான் அவருடைய பெயரைச் சொன்னேன்.

திங்கட்கிழமை அண்ணை கூப்பிட்டார். "அழியாது, பிள்ளை. பொடியனைக் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொல்லு. இப்ப திருத்தலாம்" என்றார். பொலிஸுக்குச் சொல்லியாயிற்று, விடுங்கோ என்றேன். தம்பியைப் பறிகொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மகனைக் கொடுத்தேன்.

நான்கு வருடம் கழித்து அவர் "ஓம், நான்தான்" என்று சொன்ன அன்று பின்னேரம், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். "என்ரை சொல்லை நீ கேக்காட்டிலும் நான் அண்டைக்கு உன்ரை வீட்டு வாசலிலை வந்து நிண்டிருக்கவேணும். நிக்கேல்லை. அது நான் செய்ததுதானே?" என்றார். பிறகு, "அவனுக்குத் தாய் வேணும். அங்கிள் இல்லாட்டிலும் பரவாயில்லை" என்றார். நான் அதை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசையில் அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபோது நான் மூன்றாவது வரிசை வாங்கில் குனிந்துகொண்டு இருந்தேன்.

போன ஞாயிறு நிரோஷனைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இதை எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். "எழுதுங்கோ அம்மா. அங்கிளின்ரை கடிதம் உண்மையில்லை எண்டு என்ரை சார்ஜன்டிட்டை நான் சொல்லிக்கொள்ளுறன்" என்றான். தொலைபேசியை வைக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வைக்கவில்லை. "அங்கிள் ஹொஸ்பிற்றலிலை என்னைக் கேட்டவரோ?" என்றான்.

கேட்டவர் என்றேன்.

அந்தப் பிரதியை றீற்றா அக்கா எனக்கே தந்துவிட்டார். அண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நிரோஷன் விடுமுறை எடுத்து வருகிறான். அங்கிளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு எழுத மாட்டேன் என்று நின்ற பிள்ளை அவன். இப்போது கேட்க வருகிறான், கேட்பதற்கு ஆளில்லை. இதையும் அவனுக்குச் செய்தவள் நான்தான், சந்தியோகு அண்ணை அல்ல.