பாண்டி பஸ்ஸில் போன கோபால்

ஆபீஸில் அந்த கம்ப்யூட்டர் மொழியை கோபோல் என்பார்கள். அப்பா காதில் அது கோபால் என்று விழுந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் ஓர் உரக் கம்பெனியின் கிடங்கு ஆபீஸில் எனக்கு வேலை. எந்த உரம் எத்தனை மூட்டை கையிருப்பு என்று கம்ப்யூட்டரே சொல்வதற்கு நான் புரோகிராம் எழுதவேண்டும். கம்ப்யூட்டர் இருந்ததோ பாண்டியில், தலைமை ஆபீஸில். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டுத் தப்புகளை அச்சடித்து அனுப்புவார்கள். வந்து சேர ஒரு வாரமாகும். மழையில் பூவத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டில் தண்ணீர் நின்றால் அதுவும் வராது.

வந்த தாள்கட்டைப் பிரித்ததும் முதலில் தப்புகளை எண்ணுவேன். ஒரு வரியின் முடிவில் புள்ளி விட்டுப்போனால், கீழே இருக்கும் நல்ல வரிகளும் தப்பு என்று வரும். எழுத்தின் தலையில் புள்ளி வைத்துப் பழகிய கை எனக்கு. இங்கே காலடியில் வைக்கவேண்டும். வைத்தாலும் பாண்டியில் அதைப் பார்த்து டைப் அடிப்பவர்கள் கண்ணில் படாது. ஆத்திரத்தில் அழுத்தி அழுத்தித் தாள் பொத்துப்போகும். அந்த மொழியைத் திட்டாத நாளில்லை.

ஆனால் விடவும் முடியாது. "பொங்கலுக்குள்ள இது ஓடலைன்னா கணக்கு வேலை மொத்தமும் பாண்டிக்குப் போயிடும்மா. நீங்களும் அங்கயே போக வேண்டியதுதான்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அம்மா போனபின் வீட்டில் நானும் அப்பாவும்தான். அவருக்குக் கண் மங்கிவிட்டது. எங்கள் ஊரான விழிதியூரை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

சாயங்காலம் என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஆரம்பிப்பார்.

"என்னம்மா, உன் கோபால் இன்னிக்காவது மசிஞ்சானா?"

"எங்க மசியறான்ப்பா. உங்கள மாதிரியே அடம்."

மார்கழியில் ஒருநாள் தப்பே இல்லாமல் வந்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இவ்வளவு நல்லா எழுதுறவங்க இங்க உக்காந்து என்ன பண்றது? மெஷின் இருக்கிற எடத்துக்கே உங்கள அனுப்பச் சொல்லிப் பேசிட்டேன். தை பொறந்ததும் கெளம்புங்க."

எனக்குப் பெரிய நல்லது செய்துவிட்ட முகம் அவருக்கு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் அதே கேள்வி.

"மசிஞ்சிட்டாம்பா" என்றேன்.

"அப்போ இனிமே நீ எங்கயும் போக வேணாம்" என்று மணையைத் தடவி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சோறு போட்டேன். அன்றைக்கு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.