ஒட்டகம் எப்படிப் போகும்?

தபால் கார்டில் சதுரங்கம் ஆடும் நண்பர்கள் எல்லாருக்கும், சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்து இந்தக் காலணாக் கார்டுகளை எழுதுகிறேன்.

வழக்கத்தில் இல்லாத சதுரங்கக் காய்களை நான் நோட்டில் குறித்துவைப்பது உங்களுக்குத் தெரியும்.

போன மாதம், சித்தூரில் டிராயிங் மாஸ்டர் தேவசகாயம் தன் பெரிய சதுரங்கப் பலகைக்கென்று தானே செதுக்கிய ஒட்டகத்தை அளந்தேன். உயரம், மரம், நிறம் எல்லாம் எழுதிக்கொண்டு, "இது எப்படிப் போகும்?" என்று கேட்டேன்.

"சொன்னா புரியாதுப்பா. ஒக்காந்து ஒரு ஆட்டம் ஆடு, தெரியும்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

இன்று ஆடத்தான் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"போன ஞாயித்துக்கெழம கர்த்தருக்குள்ள நித்திரை ஆயிட்டாருங்க. ஆடறதுக்கு ஆளில்லாம ரெண்டு பக்கமும் அவரே ஆடிக்கினு இருந்தாரு. நீங்க வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தாரு."

ஒட்டகத்தை என் கையில் வைத்தார். அது எப்படிப் போகும் என்று அவருக்கும் தெரியாதாம்.

அதன் உயரம் யாருக்காவது வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள். மிகச் சரியாக அளந்து வைத்திருக்கிறேன்.