பதினாறு டன் காப்பியும் ஒரு கிரகமும்

விண்வெளிக்கு நான் முதன்முதலாகக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச்சுக்குப் போய் வந்து, கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டு, பாத்திரங்களை ஒழித்துப் போட்டாயிற்று. வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்து குறட்டைவிட ஆரம்பித்திருந்தார். சேலையூரில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு நாய்கூடக் குரைக்காது. என் முன்னால் மகளின் கம்ப்யூட்டர் இருந்தது. பெங்களூர் வேலைக்குப் போகும்போது, "வித்துடும்மா, நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டது, யாராவது வாங்கிப்பாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் விற்கவில்லை.

அவள் ஒருநாள் காட்டிய வீடியோதான் காரணம். ஒரு சின்னக் கப்பல் ஏதோ ஒரு கிரகத்தின் பக்கமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவு எனக்கு. காலையிலிருந்து லாரி டிரைவர், செக்யூரிட்டி, லோடுமேன், போன் என்று ஒரே கத்தல். யாரும் கத்தாத ஒரு இடம் உண்டென்று கேட்டதும் போய்ப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

என் பிறந்தநாளுக்கு வீட்டுக்காரரே அந்த விளையாட்டை வாங்கித் தந்தார். அக்கவுண்ட் திறந்து பாஸ்வேர்டு போட்டது எல்லாம் அவர்தான். அவர் அரசாங்க ஆபீஸில் கிளார்க். தெருவில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு, கேஸ், பாஸ்போர்ட் என்று எல்லாப் படிவமும் நிரப்பித் தருகிற கை.

அந்த விளையாட்டில் சண்டை போடலாம், வியாபாரம் செய்யலாம். எனக்கு வேண்டியிருந்தது வேறு. அதில் நட்சத்திரங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, முக்கால்வாசிக்கு ஒருத்தரும் போனதில்லை. ஒரு கிரகத்துக்கு முதல் ஆளாகப் போய் ஸ்கேன் செய்து, அந்தத் தகவலை மனிதர்கள் இருக்கிற விண்வெளி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தால், கிரகத்துக்குக் கீழே "முதலில் கண்டவர்" என்று பெயர் போடுவார்கள். அதன்பிறகு எந்த நாட்டிலிருந்து யார் அங்கே போனாலும் அந்தப் பெயர் இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: திரும்பி வர வேண்டும். வழியில் கப்பல் உடைந்தால் பார்த்ததெல்லாம் பாழ்.

எனக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது. சின்னப்பிள்ளைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகச் சலானில் "மேலாளருக்காக" என்று போட்டு அதன்கீழ் கையெழுத்துப் போடுகிறவளுக்கு வேறு யார் பெயர் போடப்போகிறார்கள்? வீட்டுப் பத்திரம் அவர் பெயரில். கரண்ட் கார்டு இன்னும் மாமனார் பெயரில், அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியும் மாற்றவில்லை. ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவருக்குச் சொந்த வீட்டுப் படிவத்துக்கு நேரம் இல்லை.

கிளம்புமுன் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் பிரிவில் தலையான விதி, வண்டி காலியாக ஓடக் கூடாது என்பது. திரும்பும் லோடு கிடைக்காவிட்டால் டிரைவர்கள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். "இன்னாக்கா, வெறும் வண்டிய ஓட்டிகினு போவ சொல்றியா? பேஜாரா கீதுக்கா." நானும் நாலு இடத்துக்குப் போன் போட்டு எதையாவது பிடித்துக் கொடுத்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு, கப்பலின் சரக்கு அறை பதினாறு டன்னும் காலி என்று திரையில் கண்டதும் கை அரித்தது. ஸ்டேஷன் சந்தையில் காப்பி மலிவாக இருந்தது. பதினாறு டன் ஏற்றினேன். போகிற இடத்தில் யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. போகிற இடத்தில் ஒருத்தரும் இல்லை என்பதால்தானே போகிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்த நட்சத்திரத்துக்கு ஒரே தாவல். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பது, ஐம்பது தாவல் முடியும். எரிபொருள் தீர்ந்தால் நட்சத்திரத்தை ஒட்டிப் பறக்க வேண்டும், டாங்க் தானாக நிரம்பும். ரொம்ப ஒட்டினால் கப்பல் சூடேறிக் கூவ ஆரம்பிக்கும். முதல் தடவை கூவியபோது வீட்டுக்காரர் பதறி எழுந்தார்.

"ஏம்மா, குக்கரா?"

"குக்கர் இல்லீங்க, சூரியன். நீங்க தூங்குங்க."

அவரும் தூங்கினார். அந்த மதியங்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. பெடஸ்டல் ஃபேன் சத்தம், அவர் குறட்டை, திரையில் நட்சத்திரங்கள். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் பெயர் ஏற்கெனவே இருந்தது. ரஷ்யாக்காரனோ ஜெர்மனிக்காரனோ எனக்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போயிருந்தான். இன்னும் தள்ளிப் போக வேண்டியிருந்தது.

நாலாவது வாரம் வழி முடிந்துவிட்டது. நட்சத்திரங்கள் தள்ளித் தள்ளி இருக்கிற ஒரு இடம். அடுத்தது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் என் கப்பலின் தாவலுக்கு ஒரு ஒளியாண்டு எட்டவில்லை. மகளுக்குப் போன் போட்டு, திரையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"அம்மா, கப்பல் இவ்ளோ வெயிட்டா இருக்கே, என்னத்த ஏத்தியிருக்க?"

"காப்பி."

"யாருக்கு?"

அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பில் அவளுடைய ஹாஸ்டல் அறைத் தோழியும் சேர்ந்துகொண்டாள்.

கொட்டினேன். வேறு என்ன செய்வது? ஒவ்வொரு கேனாகக் கப்பலின் அடியிலிருந்து வெளியே விழுந்து, சுற்றிச் சுற்றி இருட்டுக்குள் போயிற்று. சலான் இல்லை, கேட்பாஸ் இல்லை, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மறுநாள் ஆபீஸில் லோடுமேன்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் எடை குறைந்ததும் கப்பல் தாவிவிட்டது.

அந்தப் பக்கம் மூன்றாவது நட்சத்திரத்தில்தான் அதைப் பார்த்தேன். வெளிர் மஞ்சள் கிரகம், அதைச் சுற்றி அகலமாக இரண்டு வளையம். வளையத்தின் நிழல் கிரகத்தின் மேல் கோடாக விழுந்திருந்தது. ஸ்கேன் செய்தேன். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மறுபடி பார்த்தேன், காலிதான். எனக்கு அழுகை வந்தது. ஒரு விளையாட்டுக்கா என்று கேட்பீர்கள். ஆமாம், அதற்குத்தான்.

திரும்பி வர ஐந்து வாரம். போனபோது இல்லாத பயமெல்லாம் வரும்போது வந்தது. நட்சத்திரத்தைக் கண்டாலே ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். கடைசி ஞாயிறு நல்ல மழை. ஸ்டேஷன் வாசலுக்குள் நுழைகிறேன், கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. அது தாங்குவது பத்து நிமிஷம். வீட்டுக்காரர் எழுந்து வந்து, மொபைல் லைட்டைக் கீபோர்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெதுவா... மெதுவா... அவசரப்படாத."

"பேசாம நில்லுங்க."

கப்பல் தரையிறங்கியது. ஒப்படைக்கும் பொத்தானை அழுத்தினேன். பட்டியல் வந்தது. வளையக் கிரகத்தின் படம், அதன்கீழ் "முதலில் கண்டவர்". அதற்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் பெயர், இன்ஷியலோடு, பெரிய எழுத்தில்.

"இது என்னங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "என் பேரு."

"உங்க பேரு எப்படி வந்துச்சு?"

"அக்கவுண்ட் திறக்கும்போது பேருன்னு கேட்டுச்சு." அவருக்கே புரிந்துவிட்டது. "பழக்கத்துல போட்டுட்டேம்மா."

இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று கேட்கலாம். அந்த விளையாட்டு என்னை எந்நேரமும் "கமாண்டர்" என்றே கூப்பிட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருத்தர் கமாண்டர் என்று கூப்பிடும்போது, அதற்கு மேல் யார் விசாரிப்பார்கள்? பெயர் ஏதோ ஒரு மூலையில் இருந்ததாம்.

ஒன்பது வாரம் நான் வண்டி ஓட்ட, மனுஷன் குறட்டை விட்டே ஒரு கிரகம் சம்பாதித்திருக்கிறார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு ஆகவே ஆகாத கோதுமை ரவை உப்புமாவை இரண்டு நாளும் கிண்டி வைத்தேன். சத்தம் போடாமல் சாப்பிட்டார். விளையாட்டுக் கம்பெனிக்கு மெயில் போட்டு, பெயரை மாற்ற முடியுமா என்று விசாரித்தார். இனிமேல் வருவதற்கு மாற்றலாம், பதிந்தது பதிந்ததுதான் என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோச்சுக்காத."

"இன்னும் என்ன?"

"அந்தப் படத்த ஆபீஸ்ல காட்டிட்டேன். எல்லாருக்கும் அந்த வளையம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சூப்பரின்டெண்ட் டீ வாங்கிக் கொடுத்தாரு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. குற்றவாளி மாதிரி நின்றுகொண்டு, முகத்தில் அந்தப் பெருமையை மறைக்கத் தெரியாமல் நிற்கிற ஆளை என்ன செய்வது? அன்று ராத்திரிக்குத் தோசை வார்த்தேன்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். புது அக்கவுண்ட். படிவத்தை நானே நிரப்பினேன், அவரைப் பக்கத்தில் விடவில்லை. ஆரம்பத்தில் தருகிற தகரடப்பாக் கப்பல்தான் கிடைத்தது. அதிலிருந்து நல்ல கப்பலுக்கு வர இரண்டு மாதம் உள்ளூரில் லோடு அடித்தேன், அதுதான் நமக்குத் தெரிந்த தொழிலாயிற்றே. பிறகு நீண்ட பயணத்துக்குக் கிளம்பும்போது சரக்கு அறையை மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டேன். ஆபீஸில் தெரிந்தால் மானம் போய்விடும்.

போகிற வழியில் அவருடைய கிரகத்தைப் பார்த்துவிட்டுப் போனேன். அதே மஞ்சள், அதே நிழல், கீழே அவர் பெயர். மனிதவாடையே இல்லாத அவ்வளவு தூரத்தில் தெரிந்த பெயர் ஒன்று இருப்பது, உள்ளதைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே கப்பலை நிறுத்தி வைத்திருந்தேன்.

அதற்கு அப்பால் பதினோரு தாவல். அங்கே கிடைத்தது ஒரு சாம்பல் நிறக் கல். வளையம் இல்லை, காற்று இல்லை, பள்ளமும் மேடுமாகப் பல்லாவரம் கல்குவாரி போல இருந்தது. ஆனால் பெயர் இடம் காலி. இறங்கினேன். கப்பலுக்குள் இருந்த சக்கரவண்டியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். மேலே ஏறி, ஒரு கீறல் படாமல் ஆறு வாரத்தில் ஊர் வந்து சேர்ந்தேன்.

ஒப்படைத்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பட்டியல் வந்ததும் அவரைக் கூப்பிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, திரைக்கு நெருக்கமாகக் குனிந்தார். படிவம் சரிபார்க்கிற அதே பார்வை.

"இன்ஷியல் எங்கம்மா? விட்டுப்போச்சே."

இருபத்தாறு வயது வரை என் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து. அதன்பிறகு இவருடைய எழுத்து. புதுப் படிவத்தின் பெயர்ப் பெட்டியில் நானும் முதலில் இவர் எழுத்தைத்தான் அடித்தேன், விரல் பழக்கத்தில் தானாகப் போயிற்று. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை அழித்தேன். அப்பாவின் எழுத்தையும் போடவில்லை.

"அவங்க பேரு மட்டுந்தான் கேட்டாங்க," என்றேன்.

அவர் திரையில் விரலை வைத்து, என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தார். மகள் பிறந்ததிலிருந்து அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று பொய் சொன்னேன். இன்னொரு தரம் படித்தார்.